காய்ச்சலும் மனச்சிதைவும்: தம்பியைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகளில் தெரிந்துகொண்டவை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வெளிப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு கடுமையான காய்ச்சல் வந்து போனது. தொண்டை வலி, உடல் வலி, தலைவலி என்று படுத்திருந்தவன் எழுந்த பிறகு தூக்கம் கெட்டது. அதன் பின் பேச்சு மாறியது. சுவருக்கு அப்பாலிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். இந்த வரிசை வீட்டில் எல்லாருடைய மனத்திலும் அப்படியே பதிந்துவிட்டது. காய்ச்சல்தான் மூளையைப் பாதித்திருக்கிறது, அதற்குச் சரியான மருந்து கொடுத்தால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவான் என்று அம்மா உறுதியாக நம்பினார். நோய்த்தொற்றுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் கடுமையான மனநோயில் என்ன பங்கு என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த நம்பிக்கையின் பொருட்டுத்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்னால் சொல்லக்கூடியது இது: தம்பிக்கு நோய் ஏன் வந்தது என்ற கேள்விக்குக் காய்ச்சல் விடையாகவில்லை, ஆனால் அவனைப் பாதுகாப்பாக வைத்திருப்பதில் காய்ச்சலைக் காட்டிலும் கவனமாகப் பார்க்கவேண்டியது வேறு எதுவும் இல்லை.

அம்மாவின் நம்பிக்கைக்கு மருத்துவ வரலாற்றில் வலுவான ஆதாரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில், குணமாற்றம், தன்னைப் பேரரசனாக எண்ணும் பெருமிதப் பிரமை, நினைவிழப்பு, இறுதியில் உடல் செயலிழந்து மரணம் என்று முடிந்த ஒரு நோயால் ஏராளமானோர் அடைபட்டுக் கிடந்தார்கள். 1913ஆம் ஆண்டு ஹிதேயோ நோகுச்சியும் ஜே. டபிள்யூ. மூரும் அந்த நோயாளிகளின் மூளைத் திசுவில் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டறிந்து காட்டினார்கள். 1917இல் வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக் அவர்களுக்கு மலேரியா காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிச் சிகிச்சை அளித்தார். அதற்காக 1927இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் பிறகு பெனிசிலின் வந்தது. மனநோய் என்றே கருதப்பட்டு வந்த ஒன்று, மருந்தால் தடுக்கக்கூடிய தொற்றாகிவிட்டது. புதிதாக மனநோய் அறிகுறிகளோடு வருபவர்களுக்குச் சிஃபிலிஸ், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனைகளை மருத்துவர்கள் எழுதித் தருவதற்குக் காரணம் இதுதான். பரிசோதனைச் சீட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் முகம் சுருங்கியது. நோயாளியின் நடத்தையை யாரும் அதில் சந்தேகிக்கவில்லை. குணப்படுத்தக்கூடிய ஒரு காரணம் தவறிப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அதைக் கேட்கிறார்கள். தயங்காமல் எடுத்துவிடுவது நல்லது.

எங்களுக்கு நெருக்கமாகப் பட்ட இன்னொரு நோய் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டு விளக்கிய, என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான மூளையழற்சி அது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய ஆன்டிபாடிகள், மூளை நரம்புச் செல்களின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் புரதமான இந்த ஏற்பியோடு போய் ஒட்டிக்கொள்ள, செல்கள் அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பில் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து தடுப்பதும் இதே ஏற்பியைத்தான். அதைப் பெறுபவர்களுக்குச் சிறிது நேரம் மனநோய் போன்ற அனுபவங்கள் வருவதுண்டு. இந்த மூளையழற்சியால் பாதிக்கப்படுகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் இளம் வயதினர். சிலருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு வகைக் கட்டி தூண்டுதலாக இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கிய சில வாரங்களுக்குப் பிறகு இது வருவதும் உண்டு. தலைவலி, காய்ச்சல் என்று தொடங்கி, தூக்கமின்மை, பிரமை, பயம், கொந்தளிப்பு என்று வளர்ந்து, பிறகு வலிப்பும் வாய் அசைவுகளும் அசைவின்றி உறைந்துபோகும் நிலையும் வந்து சேரும். 2013இல் வெளியான 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 80 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குள் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்கியதோ அவ்வளவு நன்மை கிடைத்திருந்தது. தொடக்கத்தைப் பற்றிய விவரிப்பைப் படித்தபோது தம்பியைப் பற்றியே எழுதியிருப்பது போலத் தோன்றியது. மனநல மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அவர் அதைத் தட்டிக்கழிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த நரம்பியல் மருத்துவர் எங்களிடம் கேட்ட கேள்விகளை இன்றும் பிற குடும்பங்களுக்குச் சொல்லிவருகிறேன். பேச்சு திடீரென்று குறைந்துபோனதா? நாம் சொல்வதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? வாயோரம் எதையோ மெல்வது போல அசைகிறதா? எங்கிருக்கிறோம், எந்த நாள் என்பது சில மணி நேரம் தெரிந்தும் சில மணி நேரம் தெரியாமலும் போகிறதா? வலிப்பு வந்ததா? நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறி இறங்குகின்றனவா? மனநோய்க்கான மருந்தைக் கொடுத்ததும் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறியதா? தம்பியின் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சில சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டார். தம்பி எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னான். குரல்கள் கேட்டுக்கொண்டிருந்த நிலையிலும் அவனுக்கு நினைவு சிதறவில்லை.

தேதி, காய்ச்சலின் அளவு, தூங்கிய நேரம், அன்று அவன் சொன்னது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நான் எழுதிவைத்திருந்தேன். மருத்துவர் அதை முதலிலிருந்து நிதானமாகப் படித்தார். காய்ச்சல் நின்ற தேதியையும் தூக்கம் கெட்ட தேதியையும் பென்சிலால் வட்டமிட்டார். அதற்குப் பிறகு, குறிப்பேட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: "இதுக்கு முந்தின ஒரு வருஷம் இவர் எப்படி இருந்தார்?" அம்மாவும் நானும் மாறி மாறிச் சொல்லத் தொடங்கியபோதுதான் முழுப்படம் வந்தது. நண்பர்களைப் பார்ப்பதைக் காய்ச்சலுக்கு வெகு முன்பே விட்டிருந்தான். படிப்பில் கவனம் குறைந்திருந்தது. குளிப்பதற்குக்கூட யாராவது சொல்லவேண்டியிருந்தது. தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று ஓரிருமுறை சொல்லியிருக்கிறான். நோய் எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்குவதால் வரும் தன்னெதிர்ப்பு மூளையழற்சி (என்.எம்.டி.ஏ. மூளையழற்சி அதில் ஒரு வகை) பொதுவாக நாள்களில் அல்லது வாரங்களில் வேகமாக வளர்வது. 2016இல் வல்லுநர்கள் வகுத்த வரையறையிலும் அறிகுறிகள் மூன்று மாதங்களுக்குள் வளர்ந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிந்துவருவது மனச்சிதைவு நோயின் வழி. காய்ச்சல் எல்லாருக்கும் நினைவில் நிற்கும் நிகழ்ச்சி என்பதால் அதுவே தொடக்கமாகத் தெரிகிறது. அதற்கு முந்தைய மெல்லிய மாற்றங்களை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தினர் மருத்துவரிடம் போகும் முன் அந்த ஓராண்டை மாதம் மாதமாக உட்கார்ந்து யோசித்து எழுதிக்கொண்டு போனால் எந்த ஸ்கேனும் தராத தகவல் மருத்துவருக்குக் கிடைக்கும்.

இருந்தாலும் ஐயம் முழுமையாக நீங்கவேண்டும் என்று பரிசோதனைகளைச் செய்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. இரண்டும் இயல்பாக இருந்தன. தண்டுவட நீர் எடுக்கும்போது தம்பி ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுத்திருந்தான். தோளைப் பிடித்துக்கொண்டு நான் எதிரே நின்றேன். ஊசி வழியே நீர் துளித்துளியாகச் சிறு குழாய்களில் விழுந்தது, தண்ணீரைப் போலவே தெளிவாக. அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரி என்றிருந்தது. அது தானாகவே தீர்ந்தது. பரிசோதனை முடிவில் வெள்ளையணுக்கள் கூடுதலாக இல்லை, புரதம் இயல்பு, ஆன்டிபாடி இல்லை.

அம்மா அன்று மிகவும் உடைந்துபோனார். கேட்கும்போது விந்தையாக இருக்கலாம். மூளையில் அழற்சி இல்லை என்பது நல்ல செய்திதானே என்று தோன்றும். குணமாகிவிடக்கூடிய நோய் என்ற வாசல் அன்றோடு மூடியது என்பதே அவருடைய துக்கம். அந்த முடிவை நான் வேறு விதமாக ஏற்றுக்கொண்டேன். மனச்சிதைவுக்கு உரிய சிகிச்சையை முழு மனத்தோடு தொடர்வதற்கு அது எங்களுக்கு அனுமதி தந்தது. அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கும்போது, தவறான நோய்க்குக் கொடுக்கிறோமோ என்ற தயக்கம் இல்லை.

இந்தத் தண்டுவட நீர்ப் பரிசோதனையை எல்லாருக்கும் செய்யச் சொல்லிக் கேட்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்.எம்.டி.ஏ. மூளையழற்சி உள்ள 571 பேரை ஆராய்ந்தபோது, நரம்பியல் அறிகுறி எதுவுமின்றி மனநோய் அறிகுறிகள் மட்டுமே கொண்ட பாதிப்பு ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம்தான் காணப்பட்டது. அவர்களிலும் பெரும்பாலோர் முன்பே நோய் கண்டறியப்பட்டு மீண்டும் பாதிக்கப்பட்டவர்கள். ஆகவே மேலே சொன்ன கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்பது பதிலாக இருந்தால் விடாமல் கேளுங்கள். எதற்குமே ஆம் இல்லை, மாற்றம் மாதக்கணக்கில் மெதுவாக வந்தது என்றால் பரிசோதனை தேவையில்லை என்று மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் மட்டும் ஆன்டிபாடி பார்த்துவிட்டு முடிவுக்கு வரவும் கூடாது. இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ ஏழு நோயாளிகளில் ஒருவரைத் தவறவிடுகிறது; நலமாக இருப்பவர்கள் சிலரின் இரத்தத்திலும் குறைந்த அளவில் ஆன்டிபாடி தென்படுகிறது. தண்டுவட நீரே நம்பத்தக்கது.

மனச்சிதைவு நோயிலேயே நோய் எதிர்ப்பாற்றலுக்குப் பங்கு இருக்கலாம் என்பது இதிலிருந்து வேறான கேள்வி. அதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, கடுமையான தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு 60 சதவீதமும், தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு 29 சதவீதமும் கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. 60 சதவீதம் என்ற எண் பயமுறுத்தும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோயில் அந்த அளவு கூடினாலும், தொற்று கண்ட மிகப் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதே இல்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். தொற்றுதான் நோயைக் கொண்டுவந்ததா, அல்லது இரண்டுக்கும் இடம் கொடுக்கும் உடல்வாகு முன்பே இருந்ததா என்பதையும் பதிவேடுகளால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. 2016இல் மரபணு ஆய்வாளர்கள் இன்னும் ஆழமான ஒரு தடயத்தைக் கண்டார்கள். கிருமிகளை அடையாளமிட்டு அழிக்க உதவும் சி4 என்ற புரதத்தின் மரபணு சிலரிடம் கூடுதலாகச் செயல்படும் வடிவில் இருக்கிறது. அவர்களுக்கு மனச்சிதைவு வாய்ப்பு சற்று அதிகம். அதே புரதம் வளரும் மூளையில் நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும் வேலையிலும் ஈடுபடுகிறது. கிருமியே இல்லாமலும் நோய் எதிர்ப்பு மண்டலம் மூளையை வடிவமைக்கிறது என்பதை நான் புரிந்துகொண்டது இதைப் படித்த பிறகுதான்.

இவற்றை வீட்டில் பேசும்போது கவனம் வேண்டும் என்பதை அம்மாவின் வழியாக உணர்ந்தேன். 1957இல் பரவிய இன்ஃபுளுயன்சா காலத்தில் ஹெல்சின்கியில் தாயின் வயிற்றில் நடு மாதங்களில் இருந்தவர்களிடம் மனச்சிதைவு அதிகம் என்று 1988இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கிட்டார்: "இவன் வயித்துல இருந்தப்ப எனக்கும் காய்ச்சல் வந்துச்சே." அன்று அவர் சாப்பிடவில்லை. பின்னர் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகள் அதே முடிவை ஒரே சீராகத் தரவில்லை என்பதையும், கருவுற்றிருக்கும்போது காய்ச்சல் கண்ட தாய்மார்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லாரும் நலமாகவே வளர்கிறார்கள் என்பதையும் மனநல மருத்துவர் அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். மருத்துவர் வாயால் கேட்டது அவருக்கு வேண்டியிருந்தது. நான் சொல்லியிருந்தால் ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்றே நினைத்திருப்பார்.

தொற்றுதான் காரணம் என்ற நம்பிக்கைக்குக் கொடூரமான ஒரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், பல்லிலும் தொண்டையிலும் குடலிலும் ஒளிந்திருக்கும் கிருமிகளே மனநோயை உண்டாக்குகின்றன என்று உறுதியாக நம்பி, 1910களின் இறுதியிலிருந்து நோயாளிகளின் பற்களையும் உள்நாக்குச் சதைகளையும் பெருங்குடலையும் அறுத்தெடுக்கச் செய்தார். பலர் இறந்தார்கள். அந்த வேகம் வேறு வடிவில் இன்றும் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி என்று எங்களிடமும் யோசனைகள் வந்தன. மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்டு முயலலாம் என்றும் சொன்னார்கள். அழற்சியைத் தணிக்கும் ஆன்டிபயாட்டிக்கான மினோசைக்ளின், ஆரம்பநிலை மனச்சிதைவில் பயன்தருமா என்று முறையாகச் சோதித்து 2018இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வு பயனில்லை என்றே கண்டது. மருந்தை நிறுத்துவதால் வரும் பாதிப்போ நிச்சயமானது. ஆகவே மறுத்துவிட்டோம். ஆய்வில் பங்கேற்க விருப்பம் என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு நடக்கும், இருக்கும் மருந்தைத் தொடர அனுமதிக்கும் ஆய்வாகத் தேடிச் சேரலாம்.

நான் விரிவாகச் சொல்லவேண்டியது இனிமேல்தான் வருகிறது. வேறு இரண்டு மருந்துகள் பலன் தராத பிறகு தம்பிக்குக் குளோசபின் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கினார்கள். குரல்கள் வெகுவாகக் குறைந்தன. நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரிடம் இந்த மருந்து இரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால், முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தம் பார்ப்பது பல நாடுகளில் நடைமுறை. அந்தக் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ படபடப்போ சேர்ந்தால் இதயத் தசையில் அழற்சி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்பு வெப்பமானியில் அளவெடுத்து நேரத்தோடு குறித்துவைப்பது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. மாத்திரை கொடுத்த பிறகு எடுத்த அளவு மருத்துவரை ஏமாற்றிவிடும்.

பல ஆண்டுகள் நன்றாக இருந்தவனுக்கு ஒரு முறை இருமலும் காய்ச்சலும் வந்தன. இரண்டு மூன்று நாள்களில் பகலெல்லாம் தூங்கினான், எச்சில் வழிந்து தலையணை நனைந்தது, பேச்சு குழறியது, எழுந்து நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டான். பார்க்க வந்த உறவினர்கள் பழைய நோய் திரும்பிவிட்டது, மாத்திரையைக் கூட்டவேண்டும் என்றார்கள். தம்பி கண்ணைத் திறக்காமலேயே, "அக்கா, குரல் ஒண்ணும் கேக்கல. உடம்புதான் ரொம்பக் கனமா இருக்கு" என்றான். அதை அப்படியே மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். உடனே அழைத்துவரச் சொன்னார். நிமோனியா. உடலின் அழற்சியைக் காட்டும் இரத்த அளவான சி.ஆர்.பி. மிக உயர்ந்திருந்தது. இரத்தத்தில் குளோசபின் அளவைப் பார்க்க மாதிரி அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமலேயே மருந்தைப் பாதியாகக் குறைத்தார். பிறகு வந்த முடிவில், அவனுடைய வழக்கமான அளவைப்போல இரு மடங்கு இருந்தது. மாத்திரையை யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. உடலில் அழற்சி ஏறும்போது அதன் சமிக்ஞைப் பொருள்கள் கல்லீரலில் குளோசபினைச் சிதைக்கும் நொதியை மந்தமாக்கிவிடுகின்றன. அடைபட்ட வடிகாலில் தண்ணீர் ஏறுவது போல, வழக்கமான அளவே உடலில் தேங்கி நஞ்சாகிறது. புகைப்பவர்களுக்கு இதோடு இன்னொன்றும் சேரும்: புகை அந்த நொதியை முடுக்கிவைத்திருக்கும், நோயில் படுத்துப் புகைப்பதை நிறுத்தினால் மருந்தின் அளவு இன்னும் ஏறும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதே நொதியைத் தடுக்கிறது. காய்ச்சலுக்காக எந்த மருத்துவரிடம் போனாலும், குளோசபின் எடுக்கிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நிமோனியாவே குளோசபின் எடுப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. மிகுதியான எச்சிலும் ஆழ்ந்த தூக்கமும் விழுங்குவதில் ஏற்படும் தடுமாற்றமும் சேர்ந்து நுரையீரலுக்குள் நீர்மம் இறங்க வழி செய்கின்றன. நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்கு இரத்தத்தின் பாதுகாப்புப் புரதங்களும் குறைகின்றன. தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுக்கவைப்பதும், எச்சிலைக் குறைக்க மருத்துவரிடம் வழி கேட்பதும் சிறிய காரியங்கள்தாம். எங்கள் அனுபவத்தில் அவை பயன்தந்தன.

தொற்று தணிந்ததும் எதிர்த்திசையில் கவனம் வேண்டும். நொதி மீண்டும் வேலைசெய்யத் தொடங்கும்போது குறைத்த அளவு போதாமல் போய்விடும். மருத்துவர் சி.ஆர்.பி. இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். காய்ச்சலைக் கண்டு பயந்து வீட்டாரே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் குளோசபினை மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி நடக்கட்டும். மனநோய் மருந்து எதுவாக இருந்தாலும், அதிகக் காய்ச்சலோடு உடல் விறைத்து, வியர்த்து, குழப்பமும் சேர்ந்தால் அது மருந்தின் அரிய, உயிருக்கு ஆபத்தான விளைவாக இருக்கக்கூடும். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2021இல் நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனைத் தொகுப்பின் நோயாளிகளை ஆராய்ந்தபோது, வயது, உடல்நோய்கள் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சிதைவு உள்ளவர்கள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு இருந்தது. அவர்களுக்குத் தடுப்பூசியை நினைவூட்டுபவர்கள் குறைவு. மனநல மருத்துவமனையில் கேட்டால் பொது மருத்துவரிடம் போகச் சொல்வார்கள், பொது மருத்துவர் மனநோயைப் பற்றி மட்டும் விசாரித்து அனுப்புவார். இன்ஃபுளுயன்சா, நிமோகாக்கல், கோவிட் தடுப்பூசிகளைப் பற்றிக் குடும்பத்தினர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது தம்பியின் பணப்பையில் ஒரு சிறு தாள் இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த வெள்ளையணு எண்ணிக்கை, நலமாக இருக்கும்போது அவனுடைய குளோசபின் இரத்த அளவு, சி.ஆர்.பி. ஆகியவை அதில் உள்ளன. நலமாக இருக்கும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் காய்ச்சலின்போது எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட முடியும். ஆகவே அதை முன்கூட்டியே கேட்டு எடுத்துவையுங்கள். கடைசி வரியைத் தம்பியே தன் கையால் எழுதினான்: "நான் குழறிப் பேசினால் முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்." மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களின் வீடுகளிலும் இப்படி ஒரு தாள் வேண்டும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடலில் நீர் வற்றினால் லித்தியம் இரத்தத்தில் ஏறிவிடும்; கை நடுக்கம் கூடுவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது அதன் அடையாளங்கள். அன்றே மருத்துவரை அழைத்து, மருந்தை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டு, லித்தியம் அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துவிட வேண்டும்.